எட்டுக் காசு குறைவு

இராசபாளையத்தில் எந்தத் தெருவில் நின்று மேற்கே நோக்கினாலும் மலை தெரியும். 1947ஆம் ஆண்டுக்கு முன்பு அம்மலைக்கு அப்பால் இருந்தது வேறொரு நாடு. திருவிதாங்கூர் என்னும் அந்நாட்டுக்குத் தனி மன்னர் இருந்தார்; தனிச் சட்டம், தனி அஞ்சல், தனி நாணயம் ஆகியனவும் இருந்தன. (இன்று தபாலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘அஞ்சல்’ என்ற சொல்லே அந்நாட்டுத் தபால் துறையின் பெயராகவும் இருந்தது.) மலைக்கு இப்பால், தமிழ் பேசும் சமவெளியிலும் அந்நாட்டின் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதுதான் செங்கோட்டை. தென்காசி சென்னை மாகாணத்து ஊர். அதை அடுத்த செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் ஊர். இரண்டு ஊராரும் பேசிய மொழி ஒன்று. கொண்டதும் கொடுத்ததும் ஒரே உறவுக்குள். மடியில் முடிந்து வைத்த காசு மட்டும் வேறு.

அந்தக் காசில் ஒரு முடிச்சு, இராசபாளையத்தில் ஒரு வீட்டின் மரப்பெட்டிக்குள் எழுபத்தொரு ஆண்டுகள் கிடந்தது. 2019ஆம் ஆண்டு ஆடி மாதம் அவ்வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டிகளை இடம் மாற்றினார்கள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் முடிச்சைக் கண்டெடுத்தாள். மஞ்சள் நிறம் மங்கி மண்நிறமாகிவிட்ட துணி. அவிழ்த்துப் பார்த்தால், அரை ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்று. விரல்நுனி அளவே உள்ள வெள்ளிப் பணம் இரண்டு. கறுத்துப்போன செப்புக் காசுகள் ஆறு. அரை ரூபாயில் வலம்புரிச் சங்கு ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. ஆண்டு 1112 என்றிருந்தது.

பேத்தி அன்று காலைதான் வரலாற்றுப் பாடம் படித்திருந்தாள். 1112 என்றால் சோழ நாட்டை முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம்! தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய நாணயம் தன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று அவள் வீடெங்கும் ஓடிச் சொன்னாள். திண்ணையில் அமர்ந்திருந்த ஆச்சி கையை நீட்டி நாணயத்தை வாங்கிப் பார்த்தார், சிரித்தார்.

“அது கொல்லம் ஆண்டு தாயி. எங்க ஊர்க் கணக்கு.”

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குவது. நாணயத்தில் காணும் எண்ணோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் வழக்கமான ஆண்டு கிடைக்கும். ஆகவே 1112 என்பது 1936–37. சித்திரைத் திருநாள் பலராம வர்மா ஆட்சியில் அடிக்கப்பட்ட அந்த அரை ரூபாய், ஆச்சியைவிடச் சில ஆண்டுகள் இளையது.

ஆச்சி செங்கோட்டையில் பிறந்தவர். பதினேழாம் வயதில், 1948ஆம் ஆண்டு தை மாதம், இராசபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளைக்கு நூற்பாலையில் வேலை. 1936இல் தொடங்கிய நூற்பாலையால் வளர்ந்துகொண்டிருந்த ஊர் அது. ஆலைச் சங்கு ஊதும் ஊரில் பெண் கொடுப்பதைப் பலரும் விரும்பினர். செங்கோட்டை நிலையத்தில் தொடர்வண்டி புறப்படும் முன் பெண்ணின் தாய் அவளைத் தனியே அழைத்தார். மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்து மூடினார். சொன்னது ஒரே ஒரு சொற்றொடர்தான்: “அங்கே மனசுக்கு ஒத்துவரலைன்னா, யாரையும் கேக்காதே, இதை வச்சு டிக்கட் எடுத்து வந்துரு.”

அரை ரூபாய்க்கு 14 சக்கரம். பணம் ஒன்றுக்கு 4 சக்கரம் வீதம் இரண்டு பணத்துக்கு 8. செப்புச் சக்கரம் 6. ஆக 28 சக்கரம், அதாவது சரியாக ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நெல் குற்றியும் மோர் விற்றும் சேர்த்த தொகை அது. திருமணச் செலவு எதிலும் அதைச் சேர்க்காமல் அந்தத் தாய் காத்து வைத்திருந்தார்.

அவர் அறியாதிருந்தது ஒன்று. மகள் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டை இராசபாளையத்தில் அல்லவா வாங்க வேண்டும்?

நான்கு மாதம் கழிந்து, சித்திரை வெயிலில் ஒரு நாள், அந்தப் பெண்ணுக்கு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று தோன்றியது. காரணம் என்னவென்று கேட்டால் ஆச்சி இன்றும் சொல்வதில்லை. முடிச்சை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், ஒரு டிக்கட்டுக்கு இது போதுமா என்று கேட்டாள். அந்த வீட்டுப் பெண்மணியின் அண்ணன் மலைக்கு அப்பால் புனலூருக்கு வேலைக்குப் போய்வருபவர். ஆகவே அவருக்குச் செய்தி தெரியும். “இது சமஸ்தானத்துப் பணம் கண்ணு. இங்கே எடுக்கமாட்டாங்க. போதாததுக்கு, நம்ம ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் வேணும். எட்டுக் காசு குறையுது. செம்பு மட்டும் பாத்திரக்காரர் எடைக்கு எடுத்துக்குவார்.” செல்லுகின்ற பணமாக மாற்ற வேண்டுமானால் செங்கோட்டைக்குப் போக வேண்டும். செங்கோட்டைக்குப் போவதற்குத்தான் அந்தப் பணம். அவள் முடிச்சைத் திரும்பக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்த எட்டுக் காசு எங்கிருந்து வந்தது? அதை அறியத் திருவிதாங்கூர்ப் பணத்தின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மேலைக் கடற்கரை நாடுகளில் பழங்காலத்தில் ஓடியது பொன். அதுவும் மிகச் சிறிய பொன். ‘வீரராயன் பணம்’ போன்ற பொன் பணங்கள் ஒரு கிராமில் பாதி எடைகூட இல்லாதவை; சட்டை பொத்தானைவிடச் சிறியவை. திருவிதாங்கூரில் ‘அனந்தராயன் பணம்’, ‘அனந்தவராகன்’ என்று பொன் நாணயங்கள் இருந்தன. அனந்தன் என்பது திருவனந்தபுரத்துப் பெருமானைக் குறிக்கும் பெயர். 1750இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாபசாமிக்கு அர்ப்பணித்து, தாம் அவருடைய அடியவராக நின்று ஆள்வதாக அறிவித்தார். அதன் பின் மன்னர்கள் ‘பத்மநாப தாசர்’ எனப்பட்டனர். அந்நாட்டுக் காசுகளில் நெடுங்காலம் மன்னர் முகம் இடம்பெறாமல் சங்கும் தெய்வ உருவமும் இடம்பெற்றதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடித்த செப்புக் காசு ஒன்றில் குழந்தைக் கண்ணன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

பொன்னுக்கு அடுத்தது வெள்ளிச் சக்கரம். பெயர்தான் பெரிது, உருவத்தில் மிளகை நசுக்கியதுபோல இருக்கும். அரை கிராமுக்கும் குறைவான வெள்ளித் துளியை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்து அடித்தால் சக்கரம். அச்சடிக்கும் இடத்துக்குக் ‘கம்மட்டம்’ என்று பெயர். பழந்தமிழில் அதை ‘அக்கசாலை’ என்றார்கள். கொற்கையில் உள்ள ஒரு கோயிலின் பெயரில் அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இத்தனைச் சிறிய நாணயத்தை எப்படி எண்ணுவது? ஆயிரம் சக்கரம் வரி கட்ட வந்தவனை உட்காரவைத்து ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது சாய்ந்துவிடும். ஊதினால் பறக்கும், விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். இதற்காக அந்நாட்டார் ஒரு கருவி கண்டிருந்தார்கள். அதன் பெயர் பணப்பலகை. ஒரு மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரே ஒரு சக்கரம் அமரும் அளவு. ஒரு கைப்பிடி சக்கரத்தை அள்ளிப் பலகையில் கொட்டி மெல்லக் குலுக்கினால் குழிதோறும் ஒரு நாணயம் போய் அமரும். மிகுதியை உள்ளங்கையால் வழித்துவிடலாம். குழிகள் நிரம்பினால் கணக்கும் முடிந்தது. எழுத்தறியாதவரும் பிழையின்றி எண்ணலாம். ஏமாற்றவும் இயலாது, ஏமாறவும் இயலாது. பெரிய எந்திரங்கள் பலவற்றைக் காட்டிலும் போற்றத்தக்க கருவி இது. இன்று அருங்காட்சியகத்தில் அதைக் காண்போரில் பலர், ஏதோ விளையாட்டுப் பலகை என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர்.

சக்கரத்துக்குக் கீழே காசு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். சென்னை மாகாணத்திலோ 12 பை ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். இரண்டு இடத்திலும் ரூபாய் என்ற பெயர் இருந்தது. இரண்டும் ஒரே ரூபாய் அல்ல. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கிலேயர் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. காசுக் கணக்கில் சொன்னால் ஒன்று 448, மற்றொன்று 456. எல்லைச் சந்தையில் மாட்டுக்கும் மிளகுக்கும் விலை பேசியவர்கள் இந்த எட்டுக் காசை நாள்தோறும் மனத்தில் கூட்டியும் கழித்தும் வாழ்ந்தார்கள். அரசுகளுக்கு இடையே அது மிகச் சிறிய வேறுபாடு. கையில் ஒரே ஒரு ரூபாய் வைத்திருக்கும் பெண்ணுக்கு அது சிறியதன்று.

நாளடைவில் சக்கரத்தின் உடலே மாறியது. எந்திரத்தில் அடித்த நாணயங்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரம் செம்பாயிற்று. வெள்ளித் துளியாய் இருந்தபோது கொண்டிருந்த மதிப்பையே, அகன்ற செப்பு வட்டமான பின்னும் கொண்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டு என்பதில் மாற்றமில்லை. அதாவது, நாணயத்தின் மதிப்பு அதிலுள்ள உலோகத்தை விட்டு விலகி, அடித்த அரசின் வாக்குறுதிக்குள் குடியேறிவிட்டது. வெள்ளித் துளியை எந்த நாட்டில் உருக்கினாலும் வெள்ளி; செப்புச் சக்கரமோ அரசு இருக்கும்வரைதான் சக்கரம், அதன் பின் செம்பு.

எழுத்தும் மாறியது. மூலம் திருநாள் இராமவர்மா (1885–1924) காலத்துச் செப்பு நாணயங்களில் அவர் பெயரின் முதலெழுத்துகளான ஆர், வி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். ஆங்கிலத்தில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. செங்கோட்டையிலும் தோவாளையிலும் அதைச் செலவிட்டவர்களின் தமிழுக்கு அதில் இடமில்லை. எனினும் தமிழ் வேறு வழியில் அதற்குள் நுழைந்திருந்தது. நம் ‘காசு’ போர்த்துக்கீசியர் நாவில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய்ச் சிறு செப்பு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ ஆயிற்று. அந்தக் ‘கேஷ்’ திரும்பி வந்து, ‘ஃபோர் கேஷ்’, ‘எய்ட் கேஷ்’ என்று திருவிதாங்கூர்ச் செம்பில் அமர்ந்துகொண்டது. (ரொக்கம் என்ற பொருளில் வரும் ஆங்கிலக் ‘கேஷ்’ வேறு, அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர்.)

சிறு நாடுகள் தம் நாணயத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. புதுக்கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தால் சூழப்பட்ட சிறு தமிழ்ச் சமஸ்தானம் அது. அங்கு எல்லாம் ஆங்கிலேயர் பணமாகிவிட்ட பின்னும் ‘அம்மன் காசு’ என்னும் ஒரே ஒரு சிறு செப்புக் காசு மட்டும் தங்கியது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்னும் சொல். ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட காசு அது; பிற்காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அச்சிட்டு வரவழைத்தார்கள். கடல் கடந்து வந்த உலோகத்தில் ஊர் அம்மன் வீற்றிருந்தாள். 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது.

திருவிதாங்கூரின் முடிவு இவ்வளவு அமைதியாக நிகழவில்லை. 1947 சூன் மாதம், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக விளங்கும் என்று அதன் திவான் அறிவித்தார். எதிர்ப்பு மூண்டது. சூலை முடிவதற்குள் இந்தியாவோடு இணைய மன்னர் ஒப்பினார். 1949 சூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், நாணயத்தை ஒன்றியப் பட்டியலின் 36ஆம் இனத்தில் வைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சமஸ்தானங்களின் நிதி அமைப்பும் ஒன்றியத்தோடு சேர்ந்தது. அதன் பின் மாநிலத்துக்குக் கோபுரச்சின்னம் உண்டு, நாணயம் கிடையாது. தமிழ்நாட்டரசின் சின்னத்திலுள்ள கோபுரம் தங்கள் ஊர்க் கோபுரமே என்று திருவில்லிபுத்தூரார் பெருமையோடு சொல்வர். அக்கோபுரத்துக்குரிய அரசு தனக்கென ஒரு காசுகூட அடிப்பதில்லை. கூட்டாட்சி என்பது என்ன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட எளிய விடை இல்லை.

இச்செய்திகள் எவையும் இராசபாளையத்து மரப்பெட்டிக்குள் கிடந்த முடிச்சுக்குத் தெரியாது. வைத்தபோது அது ஓர் ஊரில் செல்லும் பணம், இன்னோர் ஊரில் செல்லாத பணம். ஓரிரண்டு ஆண்டுகளில் எந்த ஊரிலும் செல்லாததாயிற்று. சங்கு நாணயங்கள் புழக்கத்திலிருந்து விலகிவிட்டன என்ற செய்தி காதில் விழுந்த அன்று, அந்த இளம்பெண் மடியில் மூத்த மகன் இருந்தான். அவள் அதைப் பற்றிக் கணவரிடம்கூடப் பேசவில்லை. எதற்காக வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டால் என்ன விடை சொல்வது?

1953இல் தாய் இறந்த செய்தி வந்தது. கணவர் ஆலையில் முன்பணம் வாங்கி வந்து பயணச்சீட்டு எடுத்தார். சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி என்று வண்டி நின்று நின்று சென்றது. அப்போது நிக்கல் ரூபாய் வந்துவிட்டது. முன்னே வெள்ளியாய் இருந்த ஆங்கிலேயர் ரூபாயிலேயே 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்து, 1947இல் வெள்ளி அறவே போய்விட்டது. அந்த நிக்கல் ரூபாய்களைக் கொடுத்து வாங்கிய சீட்டில்தான் மகள் வீடு திரும்பினாள். முடிச்சையும் கையோடு எடுத்துச் சென்றதாக ஆச்சி சொன்னார். தாயின் கையில் திருப்பி வைக்க எண்ணினாராம். வைக்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 1 அன்று, அணாவும் பையும் நீங்கி ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்னும் கணக்கு வந்தது. நாலணாவுக்கு 25 பைசா என்பதில் குழப்பமில்லை. ஆனால் ஓர் அணாவுக்கு ஆறேகால் அல்லவா? காலை என்ன செய்வது? ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19 என்று அட்டவணை வகுத்தார்கள். மூன்று அணாப் பொருளை ஒரே தடவையில் வாங்கினால் 19 பைசா. ஓரோர் அணாவாக மூன்று தடவை வாங்கினால் 18. கடைக்காரரும் வாங்குபவரும் இந்த ஒரு பைசாவுக்காகச் சொற்போர் நடத்தினர். ஆச்சி மூன்று தடவை வாங்கும் கட்சி. கடைக்குப் போய்வருவதற்குக் கால் வலிக்காதா என்று பேத்தி கேட்டபோது, “அதுக்கு என் காலுக்கு யாரும் கூலி தரலையே” என்றார்.

சக்கரமும் பணமும் எண்ணிக் கற்ற பெண், பதினேழு வயதில் அணாவும் பையும் கற்றார். இருபத்தாறு வயதில் நயா பைசா கற்றார். மூன்று அரசுகளின் கணக்கு அவர் விரல் கணுக்களில் இருந்தது. ஆயினும் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அவர் பெயருக்கு நேரே எழுத்தறியாதவர் என்றே எழுதிச் சென்றனர்.

பிறகு வந்த மாற்றங்கள் விரைவானவை. 1964இல் ‘நயா’ என்ற அடைமொழி போயிற்று. செம்பும் நிக்கலும் அலுமினியத்துக்கு வழிவிட்டன. அலுமினியம் எஃகுக்கு வழிவிட்டது. 2011 சூன் இறுதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதவை ஆயின. ஆயினும் ‘நாலணாவுக்குப் பெறாதவன்’ என்று ஏசுவதை இராசபாளையத்தார் நிறுத்தவில்லை. அணா போய் அறுபது ஆண்டாகியும் அணாவில்தான் ஏச்சு. 2019இல் வெளியான புதிய வரிசை நாணயங்கள் பார்வையற்றோர் தடவி அறியும் வகையில் வடிவம் பெற்றன. இருபது ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கமுடையது. ஆச்சியின் கண்களில் புரை விழுந்திருந்தது. அவர் பழைய செப்புச் சக்கரத்தையும் தடவியே அறிந்தார்.

வேறு நாடுகளில் இது எப்படி நடந்தது என்று பேத்தி தேடிப் படித்தாள். பால்டிக் கடலோரத்தில் எசுத்தோனியா என்றொரு சிறு நாடு. 2011இல் அது தன் ‘குரோன்’ நாணயத்தைக் கைவிட்டு யூரோவை ஏற்றது. ஆனால் பழைய குரோனை எத்தனை ஆண்டுகள் கழித்துக் கொண்டுவந்தாலும் அந்நாட்டு மைய வங்கி மாற்றிக் கொடுக்கும், காலவரம்பு இல்லை. பெட்டியில் மறந்து வைத்த பாட்டிக்கும் இழப்பில்லை. திருவிதாங்கூருக்கு அப்படி ஒரு மைய வங்கி எஞ்சவில்லை. பேத்தி இதை ஆச்சியிடம் சொன்னாள். எட்டுக் காசுக் கதையையும் அப்போதுதான் முழுமையாகக் கேட்டாள். முடிச்சு பெட்டிக்கு வந்த காரணத்தை அதுவரை அவ்வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. வெள்ளிக்கு இன்று என்ன விலை வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தந்தை, கதை முடிவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் ஆடிப்பூரம். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரோட்டம். இராசபாளையத்திலிருந்து வழக்கம்போல் குடும்பத்தோடு சென்றார்கள். ஆச்சியால் நடக்க இயலவில்லை, வீட்டிலேயே இருந்தார். வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு அப்பால், வளையல் கடைகளுக்கும் பால்கோவாக் கடைகளுக்கும் நடுவே, ஒருவர் தரையில் சாக்கு விரித்துப் பழைய நாணயங்களைக் குவித்து வைத்திருந்தார். ஓட்டைக் காலணா, ஐந்தாம் சார்சு, இருபது பைசா என்று எல்லாம் கலந்து கிடந்தன. பேத்தி அங்கே குத்துக்காலிட்டு அமர்ந்தாள். தேர் நிலைக்கு வரும் வரையும் அமர்ந்து தேடினாள். செம்பு நிறம் தெரியாதபடி களிம்பேறிய ஒன்றைத் துப்பட்டா நுனியால் துடைத்தபோது சங்கு தெரிந்தது. மறுபக்கம், ‘எய்ட் கேஷ்’. ஐம்பது ரூபாய் கேட்டார். பால்கோவாவுக்குக் கொடுத்த பணத்திலிருந்து அவள் அதைத் தந்தாள்.

இரவு வீடு திரும்பியதும் முடிச்சை அவிழ்த்து ஆச்சியின் முன் பரப்பினாள். அரை ரூபாய், இரண்டு பணம், ஆறு சக்கரம். அதனருகில் அந்த எட்டுக் காசை வைத்தாள்.

“இப்ப இருபத்தெட்டரை ஆச்சி. கணக்கு சரியாப் போச்சு. டிக்கட் எடுக்கலாம்.”

ஆச்சி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எட்டுக் காசை எடுத்து நெடுநேரம் விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இது உன்னுது. நீ வச்சுக்கோ. எங்கம்மா தந்தது இருபத்தெட்டுதான்.”

மற்றவற்றைத் துணியில் இட்டு, எண்ணாமலே, பழையபடி முடிந்தார்.